கல்லறைத் தோட்டத்தில் குண்டு சாய்வு

கிருபாபுரம் திருச்சபைச் சேகரத்தின் கல்லறைத் தோட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தலைமாட்டுக் கல்லில் இருக்கும் எழுத்துகள் மட்டும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும் என்பது தோட்டக் கமிட்டியின் பதினேழாம் விதி. இப்படி ஒரு விதி இருப்பது அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தெரியாது. உயிரோடு இருக்கிற சபையாருக்கும் தெரியாது. தேவசிகாமணி ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் நின்ற அன்றைக்குத்தான் கமிட்டிக்கே தெரிந்தது.

தேவசிகாமணி நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தொரு வருஷம் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் சொந்த வீடு. ஒரே மகள் ரீபா அயர்லாந்தில் நர்ஸ். மனைவி ஞானசௌந்தரி போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக் கட்ட வேண்டிய சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, நெஞ்சு என்னமோ பண்ணுகிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அது டிவியில் செய்தி வாசிப்பவருடையதுதான். அவரும் இவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார், ஆனால் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

வருஷ நினைவு ஆராதனைக்கு முன்னால் கல் பதிக்க வேண்டும், அது வழக்கம். கல்லுக்குச் சொல்லியாகிவிட்டது. அதில் வெட்ட வேண்டிய பெயர்தான் காகிதத்தில் இருந்தது. அச்சடித்துக் கொடுத்தவள் மேலப்பாளையத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் ரைஹானத்.

அந்த எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலியில் கண் இருக்கிற யாரும் அதைப் பார்க்காமல் தப்பியிருக்க முடியாது. கொழுகொழுவென்று இருக்கும். முனை, மூலை என்று ஒன்றும் கிடையாது, எங்கே தொட்டாலும் உருண்டைதான். எல்லா எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்து, கிளம்பிவிட்ட டவுன் பஸ்ஸை ஓடிப் பிடிக்கிறவர்கள் மாதிரி இருக்கும். மினி பஸ்ஸின் நெற்றியில், பரோட்டாக் கடை போர்டில், அல்வா அட்டைப் பெட்டியில், கபடிப் போட்டி பேனரில், முதல் பிறந்தநாள் பிளக்ஸில், காதுகுத்துக்கு வந்து நிற்கும் தாய்மாமன்மார் படத்துக்குக் கீழே என்று அது இல்லாத சந்தோஷம் இந்த ஜில்லாவில் கிடையாது. கோர்ட் நோட்டீஸை அந்த எழுத்தில் அடித்து அனுப்பினால் வாங்கினவன் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவான். கம்ப்யூட்டரில் அதற்கு வேறு என்னமோ பெயர். ரைஹானத் கடையில் அதற்குக் 'குண்டு சாய்வு' என்று பெயர். வருகிறவர்களும் அப்படித்தான் கேட்பார்கள்.

ஞானசௌந்தரியும் அப்படித்தான் கேட்டிருக்கிறாள், எட்டு வருஷத்துக்கு முன்னால். கிறிஸ்மஸுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கேக் செய்து கொடுப்பவள் அவள். பெட்டியில் ஒட்ட ஒரு லேபிள் வேண்டுமென்று மேலப்பாளையம் போய், ரைஹானத் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது எழுத்துகளைப் பார்த்து, நாற்பத்தொன்றாவதாக இதைத் தேர்ந்தெடுத்தாள். 'ஞானசௌந்தரி கேக்' என்று நாலு அங்குலத்துக்கு அச்சடித்து வாங்கிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கணவனிடம் காட்டினாள். தேவசிகாமணி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது என்ன, மினி பஸ் பேரு மாதிரி இருக்கு. நம்ம ஆளுக பாத்தா என்ன நெனப்பாக?" என்றார். அவள் லேபிளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். மறுநாள் அவரே போய், ஒல்லியாக நிமிர்ந்த எழுத்தில் மாற்றி அடித்து வாங்கி வந்தார். எட்டு கிறிஸ்மஸுக்கும் அவள் அதைத்தான் ஒட்டினாள்.

அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்து, தோசை மாவுக்கு என்று நினைத்துக்கொண்டு மைதா டப்பாவைத் திறந்தார் தேவசிகாமணி. மூடியின் உள்பக்கத்தில் குண்டு சாய்வில் அவள் பெயர் ஒட்டியிருந்தது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் மட்டும் அதைப் பார்த்திருக்கிறாள். அவர் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதார். ஒரு தரமாவது அந்தப் பெயரை அவள் ஆசைப்பட்டபடி வெளியே நாலு பேர் பார்க்க வைக்காவிட்டால் தனக்கு நிம்மதி இல்லை என்று தோன்றியது. வைப்பதற்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது.

"எங்கள்ல இந்தக் கஷ்டமே கெடையாது அண்ணாச்சி. கபுருக்குத் தலமாட்டுல ஒண்ணு, கால்மாட்டுல ஒண்ணு மீசான் கல்லு நட்டா முடிஞ்சுது, எழுத்தே வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே ரைஹானத் பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். 'அக்கா கேக்' என்ற பெயரில் அது கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. கேக் என்ற சொல்லை எடுத்துவிட்டு அச்சடித்துக் கொடுத்தாள்.

தோட்டக் கமிட்டி வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடும். தலைவர் ஜோஷுவா, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னும் ஒரு நாளைக்கு யாரையாவது எழுந்து நிற்கச் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவரோடு உறுப்பினர்கள் ஆறு பேர். தீர்மானம் எழுத டார்லின் என்று சேகர அலுவலகத்துப் பெண் ஒருத்தி. கூட்டம் ஆரம்ப ஜெபத்தோடு தொடங்கும். ஜோஷுவா அதில் உலக நாடுகளை ஒவ்வொன்றாகச் சுற்றி, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, தாமிரபரணியைக் கடந்து பாளையங்கோட்டைக்கு வந்து சேர்வதற்குள் டீ ஆறிவிடும்.

அன்றைக்கும் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுக் காகிதத்தைக் கையில் வாங்கினார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னவே இது, மினி பஸ் பேரு மாதிரி இருக்கு?" என்றார்.

தேவசிகாமணிக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அது அவருடைய வாக்கியம். ஒரு சொல் கூடக் குறையவில்லை.

ஜோஷுவா எழுந்து நின்றார். "கல்லறைன்னா என்ன? கடைசி எக்காளத்துக்குக் காத்துக் கெடக்க எடம். சத்தம் கேட்ட உடனே எந்திக்கணும். பேரே இப்படிச் சாஞ்சு கெடந்தா ஆளு எப்படிவே எந்திப்பாக?" என்று கேட்டார். ஆறு பேரும் தலையாட்டினார்கள். பிறகு இதற்கு விதி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். டார்லின் பீரோவில் முக்கால் மணி நேரம் தேடி விதிப் புத்தகத்தை எடுத்தாள். அதில் பதினேழாவதாக 'எழுத்துகள் செவ்வையாய் நிற்க வேண்டும்' என்று இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். இப்படி ஒரு விதி இருந்தும் இத்தனை வருஷம் அதைப் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லையே என்று ஓர் உறுப்பினர் வருத்தப்பட்டார்.

இருந்தாலும் மறுத்துவிடவில்லை. மறுத்துவிட்டால் கமிட்டிக்கு அடுத்த வியாழக்கிழமை வேலை இருக்காது. ஆகவே எழுத்து உபகமிட்டி என்று ஒன்று உண்டாக்கப்பட்டது. அதன் தலைவரும் ஜோஷுவாவே. உபகமிட்டி முதல் இரண்டு வியாழக்கிழமை கூடி, தன்னுடைய கடிதத்தாளில் 'எழுத்து உபகமிட்டி' என்பதை எந்த எழுத்தில் போடுவது என்று விவாதித்தது. கருத்து வேற்றுமை வந்ததால், கடிதத்தாள் இல்லாமலே செயல்படுவது என்று முடிவாயிற்று.

மூன்றாவது வியாழக்கிழமை உபகமிட்டி கள ஆய்வுக்குக் கிளம்பியது. பள்ளிக்கூடத்துப் பாகைமானி ஒன்று, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டு ஒன்று, குடைகள் நாலு. தேவசிகாமணியும் பின்னாலேயே போனார். ஞானசௌந்தரி நீங்கலாக நானூற்றுப் பதினொரு கல்லையும் அளந்தார்கள். தமிழ் எழுத்துகளெல்லாம் ஒழுங்காக நின்றன. ஆனால் மண் இறங்கி அறுபத்து மூன்று கற்கள் சாய்ந்துகிடந்தன. அதிகமாகச் சாய்ந்தது ஜோஷுவாவின் தாத்தா கல், பத்தொன்பது பாகை. குண்டு சாய்வே பன்னிரண்டு பாகைதான். பாகைமானி வைத்திருந்தவர் அதைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு ஜோஷுவா டார்லினைப் பார்த்து, "எழுதிக்கோம்மா. கல்லு சாயது இயற்கை. எழுத்து சாயது மனசறிஞ்சு செய்யது" என்றார்.

தோட்டத்தின் மூலையில் வெள்ளைக்கார மிஷனரி ஒருவரின் கல் இருந்தது. நூற்று எழுபது வருஷத்துக் கல். அதில் இங்கிலீஷ் எழுத்துகள் அழகாக, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல், வலப்பக்கம் சாய்ந்திருந்தன. தேவசிகாமணி பைய அதைக் கை காட்டினார். அவருக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்த மாதிரி இருந்தது. உபகமிட்டி கல்லைச் சுற்றி நின்றது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். 'மிஷனரிமார் காலத்துச் சாய்வு, சாய்வாகக் கருதப்படமாட்டாது' என்று அங்கேயே தீர்மானம் போட்டுவிட்டு, கூடவே அந்தக் கல்லுக்கு முன் நின்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரீபா போனில் வந்தாள். கல் என்ன ஆயிற்று என்று கேட்டாள். இவர் பாகை, தூக்குக்குண்டு எல்லாம் சொன்னார். அவள் சிரித்துவிட்டு, "அப்பா, எந்த எழுத்துல போட்டா என்னப்பா, அம்மா பேரு இருந்தாப் போதாதா? உடம்பப் பாத்துக்கிடுங்க" என்றாள். நல்ல பெண். அவளிடம் மைதா டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பார். சொல்ல ஆரம்பித்தால் தான் செய்ததையும் சொல்ல வேண்டிவரும். 'சரிம்மா' என்று வைத்துவிடுவார். அப்புறம் மறுபடி டிவி.

அடுத்து உபகமிட்டி திருநெல்வேலி டவுனிலிருந்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஞானசம்பந்தனை அழைத்துக் கருத்துக் கேட்டது. அவர் ஒன்றேமுக்கால் மணி நேரம் பேசினார். பனையோலையில் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால்தான் நம் எழுத்து உருண்டையாயிற்று என்பது அதில் கடைசி ஐந்து நிமிஷம். இதன் பேரில் 'உருண்டை, ஓலையின் நிமித்தம் மன்னிக்கப்படுகிறது' என்று தீர்மானம் ஆயிற்று. தடிப்பும் சாய்வும் நிலுவையில் வைக்கப்பட்டன.

தடிப்பு மூன்று வியாழக்கிழமையைச் சாப்பிட்டது. தடித்த எழுத்து சந்தோஷத்துக்கு உரியது, சாவுக்கு ஆகாது என்றார் ஒருவர். விசுவாசிக்குச் சாவே சந்தோஷம்தானே என்றார் இன்னொருவர். இது வேத விஷயம் என்பதால் இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஜோஷுவாவே வழி கண்டுபிடித்தார். இறந்தவர் உயிரோடு இருந்தபோது சந்தோஷமான சுபாவம் உள்ளவர்தான் என்று, உறவினர் அல்லாத, திடப்படுத்தல் பெற்று முழு அங்கத்தினரான இரண்டு சபையாரிடம் சான்று வாங்கி வர வேண்டும். அதற்கு டார்லின் ஒரு படிவம் தயார் செய்தாள். 'அன்னார் சிரித்ததைத் தாங்கள் நேரில் கண்டதுண்டா? ஆம் எனில் எத்தனை முறை?' என்பது நாலாவது கேள்வி.

தேவசிகாமணி படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் அடுத்த தெரு டீச்சர் வீடு. நாலாவது கேள்வியைப் படித்ததும் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எத்தன தடவன்னு எப்படி சார் எழுத? பெண்கள் சங்கத்துல அவுக வாயத் தொறந்தா நாங்க வயித்தப் பிடிச்சிட்டு உக்காந்துருவோம். ஜோஷுவா சார் ஜெபம் பண்ணுத மாதிரி பண்ணுவாக பாருங்க, உலகத்தச் சுத்தி வந்துருவாக" என்றாள். கொஞ்சம் தயங்கி, "நீங்க ஃபைல்ல கையெழுத்துப் போடுத மாதிரியும் பண்ணுவாக" என்றாள்.

தேவசிகாமணி நாலாவது கேள்வியை மறுபடி படித்தார். முப்பத்தாறு வருஷம் ஞானசௌந்தரியோடு ஒரே வீட்டில் இருந்தவர் அவர். அவள் குரல் மாற்றிப் பேசுவாள் என்றே தெரியாது. வீட்டில் அவள் சிரிப்பது பல் தெரியாத சிரிப்பு. இவர் பேப்பர் படிக்கும்போது டம்ளர் வைக்கிற சத்தம்கூட வராது. அந்த அமைதிதான் அவள் சுபாவம் என்று அவர் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார்.

வேண்டியது இரண்டு கையெழுத்து. அவர் பதினான்கு வீடு ஏறி இறங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் அவள் கொஞ்சம் கொஞ்சம் இருந்தாள். ஒரு வீட்டில் பாடினாளாம், ஒரு வீட்டில் கோயில் அசன விருந்துக்குச் சாம்பார் கிண்டின அன்று கரண்டியை வைத்துக்கொண்டு ஆடினாளாம். படிவத்தில் இடம் இல்லாமல் பின்பக்கமும் எழுதிக் கொடுத்தார்கள். பதினைந்தாவது வீடு இல்லை என்றானபோது தெருமுனையில் நின்றுகொண்டு, இனி யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் திகைத்தார். தன் வீட்டில் கேட்டிருக்கலாம். ஆள் இருந்தபோது கேட்கவில்லை.

ஆகஸ்டு கடைசி வியாழக்கிழமை இறுதிக் கூட்டம். நினைவு ஆராதனைக்கு இன்னும் பதினாறு நாள். சான்றைப் பார்த்துத் தடிப்பை அனுமதித்தார்கள். தன்னைப் போல ஜெபம் செய்தாள் என்ற வரியை ஜோஷுவா இரண்டு தரம் படித்துவிட்டு, நல்ல முன்மாதிரியைப் பின்பற்றியிருக்கிறாள் என்று குறிப்பெழுதச் சொன்னார். மிச்சம் சாய்வு மட்டும். அதையும் விட்டுக்கொடுத்துவிடலாம் என்ற முகம்தான் அன்றைக்கு எல்லோருக்கும் இருந்தது. பத்து மாதம் ஆகிவிட்டது, அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

"ஒரே ஒரு கேள்விதான்வே. காரணம்னு ஒண்ணு தீர்மானத்துல எழுதணும்லா? ஒமக்கு ஏன் இந்த எழுத்துதான் வேணும்?" என்று ஜோஷுவா கேட்டார்.

தேவசிகாமணி எழுந்து நின்றார். தலைமையாசிரியர் முன்னால் உட்கார்ந்து சொல்லுகிற விஷயமில்லை அது.

"அவ ஆசப்பட்டு எடுத்துட்டு வந்தா. கேக் பெட்டியில ஒட்டதுக்கு. நாந்தான் பஸ் பேரு மாதிரி இருக்குன்னு சொல்லி மாத்திட்டேன். அவ எதுத்து ஒரு வார்த்த சொல்லல. டப்பா மூடிக்குள்ள ஒட்டி வச்சு எட்டு வருசமா அவளே பாத்துக்கிட்டிருந்திருக்கா. அத அவ போன பொறவுதான் நான் பாத்தேன்." மேஜையில் கிடந்த காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். "எனக்கு வேற வழி தெரியல சார்."

டார்லின் பேனாவை வைத்துவிட்டாள். ஓர் உறுப்பினர் கைக்குட்டையை எடுத்தார். ஜோஷுவாவின் கண்ணும் கலங்கியிருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கண் கலங்குவது வேறு, கமிட்டி வேறு.

"அப்பம் இது ஏற்கெனவே தீந்துபோன விசயம்லா?" என்றார் ஜோஷுவா.

தேவசிகாமணிக்குப் புரியவில்லை.

"நீரு குடும்பத் தலைவரு. சாய்வு வேண்டாம்னு எட்டு வருசத்துக்கு முன்னாலயே நீரு முடிவு எடுத்துருக்கீரு. எங்களுக்குப் பத்து மாசம் ஆன விசயம் ஒமக்கு ஒரு நிமிசத்துல தெரிஞ்சிருக்கு. அதுல தலையிட நாங்க யாருவே?"

"அது தப்பான முடிவு சார்."

"தப்போ சரியோ, முடிவு முடிவுதான? எடுத்த முடிவ மாத்திக்கிட்டே இருந்தா பொறவு கமிட்டின்னு ஒண்ணு எதுக்கு?"

ஆறு பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் முகத்தில் பெரிய பாரம் இறங்கின தெளிவு வந்தது. 'மேற்படி எழுத்தை மனுதாரரே முன்பு நிராகரித்தது அவர் வாய்மொழியால் தெரியவருகிறது. மனுதாரரின் அந்த முடிவு கனத்த இருதயத்தோடு ஏகமனதாக உறுதி செய்யப்படுகிறது' என்று டார்லின் எழுதினாள். எழுதும்போது அவள் நிமிரவே இல்லை. அத்தோடு, இவ்வளவு தெளிந்த பார்வை உள்ளவர் வெளியே இருக்கலாகாது என்று தேவசிகாமணியை எழுத்து உபகமிட்டியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் வேறு சோலி உண்டா என்று ஜோஷுவா கேட்டார். யோசித்துப் பார்த்தால் எந்தக் கிழமையும் சோலி இல்லை. வந்தால் நாலு பேர் முகத்தையாவது பார்க்கலாம். தேவசிகாமணி சரி என்றார். சொன்ன உடனேயே தன்னை நினைத்து அவருக்கு வெறுப்பாக இருந்தது.

கல் வந்தது. ஒல்லியாக நிமிர்ந்த எழுத்து, பிசிறு இல்லாத வேலை. நினைவு ஆராதனை முடிந்து எல்லோரும் தோட்டத்துக்கு வந்து ஜெபித்தார்கள். எவ்வளவு கண்ணியமாக இருக்கிறது என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். ரீபா போனில் பார்த்து அழுதாள். ஜோஷுவா சாவகாசமாகப் பாகைமானியை வைத்துப் பார்த்துவிட்டு, திருப்தியோடு வீட்டுக்குக் கிளம்பினார்.

கூட்டம் கலைந்த பிறகுதான் ரைஹானத் வந்தாள். கேட்டுக்கு வெளியே இவ்வளவு நேரமும் நின்றிருக்கிறாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்து, தேவசிகாமணி பக்கத்தில் நின்று கல்லைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துதான் பிழைப்பு. ஒரு பார்வை போதும்.

"இது அக்காவோட எழுத்து இல்லையே அண்ணாச்சி" என்றாள்.

"இல்லம்மா. இது என்னோட எழுத்து" என்றார் தேவசிகாமணி.